மூன்றாம் எண் பெட்டி

நவம்பர் 5, காலை 9.20. அச்சு மை தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் இரண்டாம் கலவை அறையில் தீப்பிடித்தது. கலவைத் தொட்டியின் அருகே நின்றிருந்த ஒருவருக்கு முகமும் இரு கைகளும் வெந்தன. தீயை அணைக்கப் பதினோரு நிமிடம் ஆயிற்று. அறை ஏழு மாதம் பூட்டிக் கிடந்தது.

வெந்தவரை எல்லோரும் நெட்டை என்பார்கள். நான்கு மாதம் மருத்துவமனையில் இருந்தார். இப்போது வீட்டில் இருக்கிறார். டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே இடுக்கித்தான் தூக்க முடிகிறது. அதே தொட்டியில் அவரோடு ஜோடியாக வேலை பார்த்தவர், தீப்பிடித்த நேரத்தில் காலி டிரம் எடுக்க வெளியே போயிருந்தார். அவருக்குத் தொழிற்சாலையில் தராசு என்று பெயர். நிறைந்த டிரம்மைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, உள்ளே எத்தனை கிலோ என்று சொல்வார். எடை போட்டுப் பார்த்தால் அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கும். கடவுள் இவனுக்கு மூளையைக் குதிகாலில் வைத்துவிட்டான் என்று நெட்டை கேலி செய்வதுண்டு. தீக்குப் பிறகு தராசு அந்த வித்தையைக் காட்டவில்லை. யாராவது கேட்டால், "அதான் எடை மெஷின் இருக்கே" என்றார்.

விசாரணை அறிக்கை நாற்பது பக்கம் வந்தது. அதில் காரணத்துக்கு ஒன்றரை வரி. தொட்டியை நிறுத்தும் சுவிட்ச் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தது. சுவிட்சில் எழுந்த பொறி, பெட்டிக்குள் சேர்ந்திருந்த கரைப்பான் ஆவியைப் பற்றவைத்தது.

அந்த ஒன்றரை வரி மின்பிரிவு ஃபோர்மேனுக்கு மனப்பாடம். பிளாஸ்டிக் பெட்டியை வாங்கியது அவர் வேலைக்கு வருவதற்கு முன்பு. ஆனால் ஆறு ஆண்டுகள் தினமும் அதைக் கடந்து போனவர் அவர். கடந்து போனார், அவ்வளவுதான். இன்னொரு விஷயமும் உண்டு. தராசு அவருடைய தங்கையின் கணவர்.

பிப்ரவரியில் கொள்முதல் அதிகாரியின் மேசைமேல் இரண்டு பெட்டிகள் உட்கார்ந்திருந்தன. ஒன்று சாம்பல் நிறப் பிளாஸ்டிக், சோப்புப் பெட்டி கனம். மற்றது வார்ப்பு உலோகம். மூடியைச் சுற்றி எட்டு போல்ட்டு. தூக்கி வைத்தபோது மேசைக் கண்ணாடி கீச்சென்றது. அதிகாரிக்குக் கொசுறு என்று பட்டப்பெயர். எதை வாங்கினாலும் கூட ஒன்றைக் கேட்டு வாங்காமல் பில்லில் கையெழுத்திட மாட்டார்.

"இதுவும் சுவிட்சு, அதுவும் சுவிட்சு" என்றார் கொசுறு. "இதைக் கைக்குட்டைல கட்டி எடுத்துட்டுப் போகலாம். அதைத் தூக்கவே ரெண்டு ஆள் வேணும். விளக்கு போடற சுவிட்சுக்கு இவ்வளவு பெரிய கோட்டையா?"

"பழையது பிளாஸ்டிக்தான் சார்."

"அது பழசு. இது தண்ணிக்குள்ள முக்கினாலும் ஒண்ணும் ஆகாதுன்னு எழுதியிருக்கான். தண்ணியே புகாத இடத்துல நெருப்பு எப்படிப் புகும்?"

"நெருப்பு வெளியேர்ந்து புகறது இல்ல. உள்ளயே பிறக்கறது."

கொசுறு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஃபோர்மேன் வார்ப்புப் பெட்டியின் போல்ட்டுகளைக் கழற்றி மூடியை எடுத்தார். மூடியின் விளிம்பும் பெட்டியின் விளிம்பும் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையாக, முகம் தெரிகிற மாதிரி கடைந்திருந்தன. ரப்பர் வளையம் எதுவும் இல்லை.

"ஆவியைத் தடுத்து நிறுத்த முடியாது சார். பெட்டி பகல்ல சூடாகும், அப்புறம் குளிரும். குளிரும்போது வெளிக் காத்தை உள்ள இழுக்கும். இன்னிக்கு இல்லன்னா ஒரு வருஷம் கழிச்சு ஆவி உள்ள வந்தே தீரும். அதனால இந்தப் பெட்டி அதைத் தடுக்கறதே இல்ல. வா, வெடிச்சுக்கோன்னு விட்டுடும். வெடிச்சா உடையாது. வெடிச்ச நெருப்பு இந்த ரெண்டு முகத்துக்கும் நடுவுல இருக்கற மயிரிழை வழியாத்தான் வெளிய வரணும். வர்றதுக்குள்ள இரும்பு அதோட சூட்டைக் குடிச்சுடும். வெளிய வர்றது வெறும் வெதுவெதுப்பு. அறைல இருக்கற ஆவி பத்திக்காது."

"அப்போ இடைவெளி இருக்கணும்கறீங்க."

"இருக்கணும். ஆனா சொன்ன அளவுக்கு மேல இருக்கக் கூடாது."

"கல்யாணத்துக்குப் பெண் பாக்கற மாதிரி சொல்றீங்க. கலரும் வேணும், ரொம்பக் கலரும் கூடாது."

அவர் சிரித்துக்கொண்டே ஃபோர்மேன் கொடுத்த தாளைப் படித்தார். அறையில் புழங்கும் மூன்று கரைப்பான்களின் பெயர்கள் அதில் இருந்தன. மூன்றில் எளிதில் பற்றுவது எதுவோ, அதன் ஆவிக்குத் தாங்கும் பெட்டியின் தரப் பிரிவு. பெட்டியின் வெளிப்புறம் தாண்டக் கூடாத வெப்பம். பயன்படாத கேபிள் துளைகளுக்குப் பிளாஸ்டிக் மூடி கூடாது, சான்று பெற்ற உலோக மூடிதான் வேண்டும். எட்டு போல்ட்டில் ஒன்று குறைந்தாலும் பெட்டி செல்லாது. கடைசி வரிக்குக் கீழே ஃபோர்மேன் இரண்டு கோடு போட்டிருந்தார்: வேறு எதையும் இதற்கு ஈடாகத் தரக் கூடாது.

"ஆறு பெட்டி வாங்கறோம்" என்றார் கொசுறு. "ஏழாவது சும்மா கேட்டுப் பாக்கறேன்."

ஏழாவது பெட்டி கிடைக்கவில்லை. ஒரு சுவர்க் கடிகாரம் கிடைத்தது. அதைக் கலவை அறைக்கு வெளியே, வராந்தாவில் மாட்டினார்கள்.

ஜூன் 14, சனிக்கிழமை, ஆறு பெட்டிகளும் சுவரேறின. எண்களைச் சிவப்பு வண்ணத்தில் எழுதியிருந்தார்கள். மூன்றாம் எண், தொட்டியை நிறுத்தும் சுவிட்ச். கலப்பவர் நிற்கிற இடத்திலிருந்து வலது கையை நீட்டினால் எட்டும் தூரம். தீ வந்ததும் அந்த இடத்திலிருந்துதான்.

திங்கள் மதியம் இரண்டு மணிக்கு முதல் கலவை என்று முடிவாயிற்று. பன்னிரண்டரைக்கு அரசுத் தரப்பு ஆய்வாளர் வருவார். ஃபோர்மேன் கையெழுத்திட்ட படிவத்தைப் பார்ப்பார், ஆறில் இரண்டு பெட்டிகளைத் திறந்து பார்ப்பார், அனுமதி தருவார்.

சனிக்கிழமை மாலை ஃபோர்மேன் தங்கை வீட்டுக்குப் போனார். தராசு குளித்துக்கொண்டிருந்தார். தங்கை கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு வாரமா இவரு சரியாத் தூங்கறதில்லண்ணா. பாதியில எழுந்து கையை விரிச்சு விரிச்சுப் பாக்கறாரு. கேட்டா மரத்துப் போச்சுங்கறாரு."

"இந்தத் தடவை நான் பாத்து எடுத்த பெட்டிம்மா."

"அதைத்தான் நானும் சொல்றேன். எங்கண்ணன் எடுத்ததுன்னு. உங்கண்ணன் ஆறு வருஷம் அந்தப் பழசையும் பாத்துட்டுத்தானே இருந்தாருங்கறாரு."

தராசு ஈரத் தலையோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"என்ன மச்சான், கோட்டை கட்டியாச்சா?"

"கட்டியாச்சு மாப்ளே. நீங்க ராஜா மாதிரி உள்ள நிக்கலாம்."

"ஆவி?"

ஃபோர்மேன் பிப்ரவரியில் கொசுறுக்குச் சொன்னதையெல்லாம் திரும்பச் சொல்லியிருக்கலாம். உள்ளே வெடிக்கும், ஆனால் பயமில்லை என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் 'வெடிக்கும்' என்ற சொல்லுக்கு மேல் எதையும் கேட்க மாட்டார் என்று நினைத்தார். தங்கை வேறு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பெட்டிக்குள்ள காத்துகூடப் புகாது" என்றார். "போதுமா?"

தங்கை மடித்த துணியைத் தட்டி வைத்தாள். தராசு தலையாட்டினார்.

ஞாயிறு அன்று தராசுக்குத் தொட்டி கழுவும் பணி. தனியாகத்தான் போனார்.

திங்கள் காலை 10.35. வராந்தாக் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்திப் போய்க்கொண்டிருந்தது. மின்சாரம் துண்டிக்கப்பட்டு, மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவி ஃபோர்மேனின் சட்டைப்பையில் இருந்தது. அவர் முதல் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினார். இரண்டையும் அப்படியே. மூன்றாவதை நெருங்கியபோது புளிப்பு வாடை அடித்தது. காடி மாதிரி. கரைப்பான் வாடை அவருக்குத் தெரியும். அறைக்குள் இன்னும் ஒரு சொட்டுக் கரைப்பான்கூட வரவில்லை.

மூடியின் விளிம்பில் டார்ச் அடித்தார். இரும்பு இரும்போடு சேரும் கோட்டில் நூல் பிடித்தாற்போல் வெள்ளையாக ஒன்று ஓடியது. நகத்தால் கீறினார். ரப்பர் மாதிரி நெளிந்தது. குளியலறை ஓட்டைகளை அடைக்கும் சிலிக்கான் பசை.

எட்டு போல்ட்டையும் கழற்றிய பிறகும் மூடி வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். பிய்த்துக்கொண்டு வந்தது. பட்டை முகம் முழுவதும் பசை. ஒரு குமிழி இல்லை, ஒரு திட்டு விடுபடவில்லை. இந்த நேர்த்தி யாருடையது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான்காவதிலும் ஐந்தாவதிலும் பசை இருந்தது, கொஞ்சம் அவசரமாக. ஆறாவதில் இல்லை. டியூப் தீர்ந்திருக்க வேண்டும்.

அவர் வராந்தாவுக்கு வந்து தராசைக் கூப்பிட்டார். டிரம்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். திறந்து கிடந்த மூடியைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றார்.

"என்ன மாப்ளே இது?"

"நீங்கதான் சொன்னீங்க காத்துகூடப் புகாதுன்னு. நேத்து மூடிக்கு நடுவுல சிகரெட் அட்டைல இருக்கற வெள்ளித்தாளை விட்டுப் பாத்தேன். ஒரு மூலைல நுனி நுழைஞ்சுச்சு." தராசின் குரலில் குற்ற உணர்வைவிடக் குறை சொல்லும் தொனிதான் அதிகம் இருந்தது. "தாளே நுழைஞ்சா ஆவி நுழையாதா? உங்க ஆளுங்க சரியா மாட்டலன்னு நினைச்சேன். உங்களைச் சொல்லிக்காட்ட வேணாம்னு நானே அடைச்சேன்."

ஃபோர்மேன் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அது இருக்கணும் மாப்ளே. அந்த இடைவெளி இருக்கணும்."

பிப்ரவரியில் சொன்னதை இப்போது சொன்னார். பெட்டி மூச்சு விடுவது, உள்ளே வெடிப்பது, இரும்பு சூட்டைக் குடிப்பது. பசை இறுகினால் இரண்டு முகமும் சேராமல் தூக்கி நிற்கும். வெடித்தால் பசை பறந்துவிடும். அது இருந்த இடம் அகலமான வாசலாகிவிடும். நெருப்பு ஆறாமல் வெளியே வரும், நிற்பவர் முகத்துக்கு நேராக. தராசு குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்கக் கேட்க அவர் கை தன்னையறியாமல் இன்னொரு கையைத் தடவியது.

"இதைச் சனிக்கிழமை சொல்லியிருக்கலாமே மச்சான்."

"சொல்லியிருக்கலாம்."

"குழந்தைக்கு நிலா காட்டற மாதிரி காட்டிட்டுப் போயிட்டீங்க."

வாசல் பலகையில் நிர்வாகம் ஒட்டிய அறிவிப்பு இருவருக்கும் தெரியும். பாதுகாப்புச் சாதனம் எதையும் எழுத்து மூல அனுமதியின்றித் திறப்பவர், மாற்றுபவர் வேலையிலிருந்து நீக்கப்படுவார். தீக்குப் பிறகு ஒட்டியது. தராசுக்கு வயது நாற்பத்தொன்று. இருபது ஆண்டுகளாகக் கலவைத் தொட்டியைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை.

"துடைச்சுடலாமா?" என்று தராசு கேட்டார்.

மணி 10.52. இருவரும் தரையில் குந்தி உட்கார்ந்தார்கள். உலோகம் படக் கூடாது என்று ஃபோர்மேன் ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை உடைத்துக் கொடுத்தார். நான்காவதில் பசை தோல் உரிவதுபோல் வந்தது. ஐந்தாவதும் வந்தது. துணியால் துடைத்து, இறுகாத கிரீஸை லேசாகத் தடவி, மூடி, எட்டு போல்ட்டையும் இறுக்கி, ஃபோர்மேன் தகடு விட்டுப் பார்த்தார். விசிறி மாதிரி விரியும் மெல்லிய எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றும் ஒரு பருமன். அனுமதித்த இடைவெளியின் பருமனுள்ள அளவுத் தகடு எங்கும் நுழையவில்லை. இரண்டு பெட்டிகளும் தப்பின.

மூன்றாவதில் பசை வரவில்லை. சுரண்டச் சுரண்ட வெண்படலம் ஒட்டிக்கொண்டு நின்றது. ஃபோர்மேன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். கண்ணாடிபோல் இருந்த முகத்தில் ஒரே திசையில் ஆயிரம் கோடுகள்.

"எமரித் தாள் போட்டுத் தேய்ச்சீங்களா?"

"கிரீஸ் இருந்துச்சு. பசை பிடிக்காதுன்னு துடைச்சேன். அப்புறமும் வழவழன்னு இருந்துச்சு." தராசு அந்தக் கோடுகளை விரலால் தடவினார். "நான் நிக்கற இடமாச்சே, நல்லாப் பிடிக்கணும்னு தேய்ச்சேன். மத்ததுக்கு அவ்வளவு நேரம் இல்ல."

11.30 வரை அந்த ஒரு பெட்டியோடு மல்லுக்கட்டினார்கள். படலம் போயிற்று. மூடி இறுக்கி அளவுத் தகட்டை விட்டார் ஃபோர்மேன். மூன்று பக்கம் தடுத்தது. வலது கீழ் மூலையில் வெண்ணெயில் கத்தி போவதுபோல் போயிற்று. அந்த மூலையில்தான் எமரித் தாள் அதிக நேரம் ஓடியிருந்தது. போல்ட்டை இன்னும் இறுக்கினார். தகடு பாதி தூரம் போய் நின்றது.

"பாதிதானே" என்றார் தராசு.

"பாதி கர்ப்பம்னு ஒண்ணு உண்டா மாப்ளே."

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஃபோர்மேனின் கைப்பேசி ஒலித்தது. தங்கை.

"அண்ணா, கையெழுத்து ஆச்சா? அவரு காலையில ஒண்ணுமே சாப்பிடாமப் போனாரு."

"இன்னும் ஆகலம்மா. ஒரு பெட்டில கோளாறு."

"யாரால?"

ஃபோர்மேன் தராசைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதினா அவரு வேலை போயிடுமா?" என்று தங்கை கேட்டாள்.

"போகலாம்."

"எழுதலன்னா?"

"ரெண்டு மணிக்கு உள்ள போவாரு."

பாத்திரத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது.

11.50-க்குத் தொழிற்சாலை மேலாளர் வந்தார். காலையிலிருந்து மூன்றாம் முறை. கழுத்துப்பட்டையைத் தளர்த்தியிருந்தார். ஃபோர்மேன் நடந்ததை யார் என்று சொல்லாமல் சொன்னார். மேலாளரும் யார் என்று கேட்கவில்லை. கேட்டால் தானும் எழுத வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

"ஆறு பெட்டில அஞ்சு சரி" என்றார். "ஒண்ணுல லேசான கீறல். கண்ணுக்கே தெரியாத கீறல்."

"கண்ணுக்குத் தெரியற மாதிரி இருந்தா நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல சார். நீங்களே பூட்டிடுவீங்க."

"புதுப் பெட்டி வர எத்தனை நாள் ஆகும்?"

"அஞ்சு வாரம்."

"ஏழு மாசம் ஆச்சு ஐயா. தலைமை அலுவலகம் தினமும் காலைல என்னை எழுப்பி விடறாங்க. இன்னிக்கு ஓட்டுவோம். பெட்டிக்கு ஆர்டர் போடுவோம். வந்ததும் மாத்துவோம். அதுவரைக்கும் சுவிட்சை அடிக்கடி தொட வேணாம்னு சொல்லி வைப்போம்."

"நிறுத்தற சுவிட்சு சார். தொடவே கூடாதுன்னா எதுக்கு வெச்சிருக்கோம்?"

மேலாளர் தராசு பக்கம் திரும்பினார். "நிக்கப் போறவர் நீங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

தராசு எழுந்து நின்றார். "எனக்குச் சம்மதம் சார். நான் நிக்கறேன்."

"பாருங்க" என்றார் மேலாளர்.

"உங்க சம்மதத்தை ஆவி கேக்காது மாப்ளே" என்றார் ஃபோர்மேன். "அன்னிக்கு நெட்டையையும் கேக்கல."

"எல்லாரையும் தெரியும் மச்சான் உங்களுக்கு, எங்க வீட்டு அடுப்பைத் தவிர." தராசின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "நாற்பத்தொரு வயசுல நான் எங்க போய் நிப்பேன்? ஒரு கையெழுத்து. அஞ்சு வாரம். நான் பாத்துக்கறேன்."

"உங்க பக்கத்துல நிக்கப் போற புது ஆளு? அவரும் பாத்துப்பாரா?"

நெட்டையின் இடத்துக்கு ஒருவரைப் போட்டிருந்தார்கள். அவர் வராந்தாவின் அந்தக் கோடியில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். தராசு அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மேலாளர் படிவத்தையும் பேனாவையும் ஒரு டிரம்மின் மேல் வைத்தார். "பன்னிரண்டரைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படிவத்தில் ஆறு வரிசைகள். ஃபோர்மேன் ஒன்று, இரண்டு, ஆறு என்று முதலில் நிரப்பினார். நான்கிலும் ஐந்திலும் 'பசை நீக்கப்பட்டது, இடைவெளி அளவுக்குள் உள்ளது' என்று எழுதினார். எழுதிய பிறகுதான், பசை என்று ஒருமுறை எழுதிவிட்டால் யார் பூசியது என்ற கேள்வி தானாக வரும் என்பது உறைத்தது. அடித்துவிட்டு வெறும் 'சரி' என்று எழுதலாம். பேனாவை அந்த வார்த்தைவரை கொண்டுபோய், அடிக்காமல் எடுத்துவிட்டார். மூன்றாம் வரிசையைக் காலியாக விட்டார். ஆய்வாளர் ஆறில் இரண்டைத்தான் திறப்பார். வழக்கமாக வாசலுக்கு அருகில் உள்ளவற்றை. மூன்றாவது அறையின் உட்கோடியில் இருந்தது.

தராசு அவர் தோளுக்குப் பின்னால் நின்றார். அவர் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆய்வாளர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். 12.40-க்கு வந்தார். மேலாளர் கொடுத்த தேநீரைக் குடிக்காமல் வராந்தாச் சுவரோரம் வைத்துவிட்டு நேராக அறைக்குள் போனார். சுவர், தரை, காற்றை வெளியேற்றும் விசிறி, கேபிள் துளைகள். எட்டு போல்ட்டும் இருக்கிறதா என்று ஒவ்வொரு பெட்டியிலும் விரலால் தொட்டு எண்ணினார். பிறகு ஃபோர்மேனிடம் திரும்பினார்.

"வழக்கமா நானே ரெண்டு சொல்லுவேன். நீங்க ஆறையும் காலைல திறந்திருப்பீங்க. எதைப் பாக்கலாம், நீங்களே சொல்லுங்க."

மேலாளர் முன்னால் வந்தார். "ஒண்ணும் ரெண்டும் பாத்துடலாம் மேடம். வெளிச்சம் நல்லா இருக்கு."

"அவரைக் கேட்டேன்" என்றார் ஆய்வாளர்.

அறையில் நான்கு பேர் நின்றார்கள். தராசு கதவோரம் இருந்தார். ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது. ஃபோர்மேன் அவரைப் பார்த்தார். தராசு மிக லேசாகத் தலையை இடமும் வலமும் அசைத்தார்.

"மூணாம் நம்பர்" என்றார் ஃபோர்மேன்.

அவரே திறந்தார். அவரே டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். ஆய்வாளர் குனிந்து பார்த்தார். தகட்டை வாங்கி வலது கீழ் மூலையில் விட்டார். தகடு போயிற்று. படிவத்தை வாங்கினார். காலியாக இருந்த வரிசையையும் அதன் கீழிருந்த இரண்டு வரிசைகளையும் படித்தார்.

"யார் பூசினது?"

மேலாளர் கைப்பேசியைப் பார்த்தார்.

"நான்தான் மேடம்" என்றார் தராசு.

"யார் சொல்லிப் பூசினீங்க?"

"யாரும் சொல்லல. இடைவெளி இருந்துச்சு. ஆவி உள்ள போயிடும்னு பயந்தேன்."

"இந்தப் பெட்டி எப்படி வேலை செய்யும்னு உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

தராசு வாயைத் திறப்பதற்குள் ஃபோர்மேன் பேசினார்.

"நான் சொன்னேன். தப்பாச் சொன்னேன். பெட்டிக்குள்ள காத்துகூடப் புகாதுன்னு சொன்னேன். அது உண்மை இல்லன்னு எனக்குத் தெரியும். இவர் பயப்படறார்னு சொன்னேன்."

ஆய்வாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சொந்தமா?"

"என் தங்கச்சி வீட்டுக்காரர்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். "தொழிலாளிகளுக்கு விளக்கக் கூட்டம் நடத்துனதுக்குப் பதிவேடு இருக்கா?" என்று மேலாளரைக் கேட்டார். மேலாளர் தேடித் தருவதாகச் சொன்னார். அப்படி ஒரு கூட்டம் நடக்கவில்லை.

மூன்றாம் வரிசையில் 'ஏற்கப்படவில்லை; மூடியின் முகம் தேய்ந்துள்ளது' என்று ஃபோர்மேன் எழுதிக் கையெழுத்திட்டார். மணி 1.15. தராசு டிரம்களுக்கு லேபிள் ஒட்டப் போகவில்லை. சாப்பாட்டு அறைக்கும் போகவில்லை. வாசலுக்குப் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, தன் அலமாரியைத் திறந்து பொருள்களை எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

அன்று அறை திறக்கப்படவில்லை. உள் விசாரணை ஒன்பது நாள் நடந்தது. விளக்கம் தரப்படாத தொழிலாளியை அறிவிப்புப் பலகையின்படி நீக்க முடியாது என்று ஆய்வாளரின் குறிப்பு சொன்னது. விசாரணை நடந்த நாள்களையும் சேர்த்து, தராசு முப்பது நாள் தற்காலிகமாக நீக்கப்பட்டார். ஃபோர்மேனின் கையெழுத்து அதிகாரம் ஓராண்டுக்கு நிறுத்தப்பட்டது. அவர் பழுதுபார்க்கும் பிரிவுக்கு மாற்றப்பட்டார். அந்த முப்பது நாளும் தங்கை அண்ணனுக்குப் போன் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை.

புதிய மூன்றாம் எண் பெட்டி ஜூலை 21-ஆம் தேதி வந்தது. மாட்டியவர் வேறு ஃபோர்மேன். 24-ஆம் தேதி காலை கலவை அறையில் வேலை செய்யும் பதினான்கு பேருக்கும் ஒரு பெட்டியைத் திறந்து காட்டி விளக்கினார்கள். தராசு முன்வரிசையில் இருந்தார். பிற்பகல் 2.05-க்கு அவரும் புது ஆளும் உள்ளே போனார்கள். அறுநூறு லிட்டர் நீல மை கலக்கப்பட்டது. 4.50-க்கு நிறுத்தும் சுவிட்சை அழுத்தினார்கள். தொட்டி நின்றது.